தைப்பொங்கலில் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லப் பழக்குவது எப்படி?

திருகோணமலையில் இருக்கிறீர்கள், பிள்ளைகளுக்கு ஏழும் பத்தும் வயது என்று எழுதியிருந்தீர்கள். புதிதாக ஒரு நாளைத் தேட வேண்டாம். சூரியனுக்குப் பொங்கிப் படைக்கும் நாளே நன்றிக்கான நாள்தான். அதோடு ஒரு பழக்கத்தைச் சேருங்கள்.

மார்கழி பிறந்ததும் குசினியில் ஒரு வெறும் பால்மா டின்னை வையுங்கள். யாராவது உதவினால் பிள்ளை அன்றே துண்டில் எழுதிப் போடட்டும்: "மழைக்குள் ஆட்டோ மாமா என்னைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டார்." 'எல்லாருக்கும் நன்றி' என்று எழுதினால், யாருக்கு, எதற்கு என்று கேளுங்கள். பெயரை நீங்கள் சொல்லிக்கொடுத்தால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்.

பொங்கலுக்கு முதல்நாள் அந்தத் துண்டுகளில் உள்ளவர்களில் மூன்று பேரைத் தெரிவுசெய்யுங்கள். அதற்கு மேல் போனால் வெறும் விநியோகம்தான். வீட்டுக்கும் அவர்களுக்கும் ஒரு கிலோ பச்சையரிசி, கால் கிலோ வறுத்த பயறு, முக்கால் கிலோ சர்க்கரை, இரண்டு தேங்காயின் பால் போதும். அரிசி நன்றாக அவிந்த பிறகே சர்க்கரை போடுங்கள். முந்தினால் அரிசி விறைத்துவிடும். தை மாதத்திலும் இங்கே மழை வரும், முற்றத்து அடுப்புக்கு மேலே தகரம் தேவை.

படைத்ததும் சூட்டோடு பிள்ளையே கொண்டுபோய்க் கொடுத்து, காரணத்தை ஒரு வசனத்தில் சொல்லட்டும். வெட்கப்பட்டால் துண்டை நீட்டினாலே போதும். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை போடுமுன் கொஞ்சம் வெண்பொங்கலாக எடுத்துவையுங்கள்.

துடக்கால் பொங்காத வருடத்திலும் துண்டுகளை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.