ஹவுஸ் ஓனர் வேறு பூட்டு போட்டுவிட்டார், என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். வாடகை 6,500 ரூபாய். உடம்பு சரியில்லாததால் இரண்டு மாதம் பாக்கி. ஊருக்குப் போய்விட்டு வந்தால் கதவில் வேறு பூட்டு. பிள்ளைகளின் பாடப்புத்தகம், சிலிண்டர், ரேஷன் கார்டு எல்லாம் உள்ளே. அக்ரிமென்ட் எழுதவில்லை. ஸ்டேஷனில் 'சிவில் மேட்டர்' என்று அனுப்பிவிட்டார்கள்.

பதில்: அம்மா, அந்தப் பூட்டை மட்டும் உடைத்துவிடாதீர்கள். உடைத்தால் புகார் கொடுக்க வேண்டிய நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பூட்டோடு கதவை இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

வாடகை பாக்கிக்காக வீட்டைப் பூட்டும் உரிமை அவருக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத பாக்கிக்கு உங்களைக் காலி செய்யச் சொல்லி அவர் வழக்குப் போடலாம். ஆனால் அதற்கு வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

உங்களுக்கு உடனே கைகொடுப்பது 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம், பிரிவு 6. சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம். வீடு யாருடையது என்பதை இதில் பார்க்கமாட்டார்கள். நேற்றுவரை யார் குடியிருந்தது என்றுதான் பார்ப்பார்கள். அதனால் அக்ரிமென்ட் இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஜிபேயில் வாடகை போட்ட பதிவு, கேஸ் சிலிண்டர் புக், பள்ளியில் கொடுத்த முகவரி, பக்கத்து வீட்டாரின் சாட்சி போதும். வழக்கோடு இடைக்கால உத்தரவுக்கும் மனு போடச் சொல்லுங்கள், பிள்ளைகளின் புத்தகத்தைக் குறிப்பிட்டு. 6 மாதம் தாண்டினால் இந்த வழி அடைபட்டுவிடும்.

ஸ்டேஷனுக்கு மறுபடியும் எழுத்தில் மனுவோடு போய் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் போகவிடாமல் தடுப்பது குற்றமும்தான். 'சிவில்' என்ற ஒரே வார்த்தையில் அது முடிந்துவிடாது. மறுத்தால் எஸ்.பி. அல்லது கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அப்புறம் அந்த பாக்கி. அட்வான்ஸில் கழியட்டும் என்று விட்டுவிடாதீர்கள். முடிந்ததை இன்றே அவர் கணக்குக்கு அனுப்பி, எந்த மாத வாடகை என்று குறிப்பு போடுங்கள். கோர்ட்டில் நிற்கும்போது உங்கள் பக்கம் குறை இருக்கக் கூடாது.

வக்கீல் ஃபீஸுக்குக் கவலை வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100-க்குப் போன் செய்துவிட்டு, நாளைக் காலையிலேயே கோர்ட் வளாகத்தில் உள்ள அந்த ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.