பவுன் காசு 7.98 கிராம்தான் காட்டுகிறது, போலியா?

கேள்வி: அப்பத்தா வைத்திருந்த ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பவுன் காசு இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஆன்லைனில் ஒரு குட்டி டிஜிட்டல் தராசு மலிவாகக் கிடைத்தது, வாங்கி நிறுத்தேன். ஒன்று 7.98, இன்னொன்று 7.96. ஒரு பவுன் என்றால் 8 கிராம்தானே? தராசு சரியில்லையா, காசு சரியில்லையா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பயப்படாதீர்கள், இப்படித்தான் காட்ட வேண்டும். 8 கிராம் என்பது கடைக் கணக்கு. பிரிட்டிஷ் சவரன் நாணயத்தின் எடை 7.988 கிராம், கைமாறித் தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். 7.938க்குக் கீழே தேய்ந்தால்தான் செல்லாது என்று அந்தக் காலத்துச் சட்டமே வரம்பு வைத்திருந்தது. உங்களுடைய இரண்டும் அதற்கு மேலேதான் நிற்கின்றன. ஆனால் காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசு என்றால் இந்த எடைக் கணக்கு ஒத்துவராது.

முதலில் தராசைச் சோதியுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, ஆடாத சமமான இடத்தில் வைத்து, புதிய பத்து ரூபாய் நாணயங்கள் ஐந்தைச் சேர்த்துப் போட்டால் 38.5 கிராமை ஒட்டி வர வேண்டும், ஒவ்வொன்றும் சுமார் 7.7 கிராம். ரொம்ப விலகினால் பேட்டரியை மாற்றுங்கள், அப்படியும் சரியாகாத தராசை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

எடை சரியாக இருப்பது மட்டும் போதாது, அளவும் சேர்ந்து பொருந்த வேண்டும், அதுதான் முக்கியம். சவரனின் விட்டம் 22.05 மில்லிமீட்டர், தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். இதே அளவில் பித்தளையில் அடித்து முலாம் பூசினால் 4 கிராம்கூடத் தேறாது; எடையைக் கூட்ட வேண்டுமானால் காசை இரண்டு மடங்கு தடிமனாக்க வேண்டும், அது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இன்னும் உறுதி வேண்டுமா? ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல், முழுசாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் லேசாகத் தட்டிவிடுங்கள். இப்போது காட்டும் எண் 0.45 அல்லது 0.46 ஆக இருக்க வேண்டும். காசின் எடையை அதால் வகுத்தால் வருவது அடர்த்தி, 22 காரட்டுக்கு 17க்கும் 18க்கும் இடையில் நிற்கும். ஈயம் கலந்தால்கூட 11தான். தராசு இரண்டு தசமம் வரைதான் காட்டும் என்பதால் மூன்று நான்கு தடவை செய்து பாருங்கள்.

இதெல்லாம் தங்கமா என்பதற்குத்தான் பதில் சொல்லும், அசல் நாணயமா என்பதற்கு இல்லை. நல்ல தங்கத்திலேயே அடித்த போலிச் சவரன்களும் உலகத்தில் சுற்றுகின்றன. உங்கள் காசில் 1918 என்று இருந்து, குதிரைவீரன் பக்கத்தில் வருஷத்துக்கு மேலே தரையில் குட்டியாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால் அது பம்பாயில் அடித்தது, அந்த ஒரு வருஷம் மட்டும்தான் அங்கே அடித்தார்கள். அப்படியானால் விற்கும்முன் நாணயம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். யார் கேட்டாலும் அரத்தால் ராவவோ ஆசிட் வைக்கவோ விடாதீர்கள். கடையில் கேரட் மீட்டரில் வைத்தால் கீறல் இல்லாமல் பார்த்துவிடலாம்.

கேள்வி: வெள்ளி ரூபாய்க்கும் இது சரிவருமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வரும், ஆனால் எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். விக்டோரியா ராணி ரூபாயும் 11.66 கிராம், 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் 11.66 கிராம். முதலாவதில் வெள்ளி கிட்டத்தட்ட 92 சதவீதம், பின்னதில் பாதிதான். இங்கேயும் தண்ணீர்ச் சோதனை கைகொடுக்கும்: பழைய ரூபாய் 1.13 பக்கம் காட்டும், பாதி வெள்ளி ரூபாய் 1.22 பக்கம் போகும். காசு பெரியதாக இருப்பதால் இந்த வித்தியாசம் மலிவுத் தராசிலேயே நன்றாகத் தெரியும்.