படத்துக்கு முன்னால் ஒரு சீருடை

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் நீங்களும் அம்மாவும் பிளஸ் டூ படிக்கும் மகனை என்னிடம் மேற்படிப்பு ஆலோசனைக்கு அழைத்து வந்திருந்தீர்கள். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் சேர்த்துவிட வேண்டும் என்று உங்கள் மைத்துனர் வற்புறுத்துவதையும், தம்பியோ கேரளக் கால்பந்து வீரர் ஐ.எம். விஜயனைப் போலக் கால்பந்தும் ஆடுவேன், படத்திலும் நடிப்பேன் என்று நிற்பதையும் சொன்னீர்கள். கவலைப்படாதீர்கள் என்று அன்று தேற்றி அனுப்பினேன். அது போதாது. உங்கள் மைத்துனர் சொல்வது தவறு என்பதை இப்போது வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

தம்பி சுட்டிக்காட்டிய வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். 1969-இல் திருச்சூரில் பிறந்த விஜயன், அவ்வூர் மைதானத்தில் ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்குச் சோடா விற்ற சிறுவன். பதின்ம வயதிலேயே கேரளக் காவல்துறை அணி அவரைச் சேர்த்துக்கொண்டது; 1990-இலும் 1991-இலும் அந்த அணி இந்தியக் கால்பந்து அணிகளுக்கான பெடரேஷன் கோப்பையை வென்றது. மோகன் பகான், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால் ஆகிய கால்பந்துக் கழகங்கள், இந்திய அணியின் தலைமை எல்லாம் அதன் பிறகு வந்தவை. மலையாள இயக்குநர் ஜெயராஜின் 'சாந்தம்' படத்தில் நடித்ததும், 2006-இல் தமிழில் 'திமிரு' படத்தில் வில்லனாக வந்ததும் அதற்கும் பிறகுதான். ஆட்டத்திலிருந்து ஓய்ந்தபின் அவர் திரும்பியது காவல் பணிக்கு. மலபார் சிறப்புக் காவல் படையின் அதிகாரியாக 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். தம்பியின் கண்ணில் திரைப்படம் பட்டிருக்கிறது. உங்கள் கண்ணில் படவேண்டியது அந்தச் சீருடை.

விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை என்ற இந்த வழியை உங்கள் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. தமிழ்நாடு அரசின் குறிப்பிட்ட பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடம் உண்டு. ரயில்வே தனியே ஆள் எடுக்கிறது: வயது 18 முதல் 25 வரை, மதிப்பெண்ணில் அங்கீகரிக்கப்பட்ட போட்டிச் சாதனைக்கு 50, மைதானத் தேர்வுக்கு 40, கல்வித் தகுதிக்கு 10. சாதனை அண்மை ஆண்டுகளுடையதாக இருக்க வேண்டும் என்பதால், பள்ளிக் காலக் கோப்பைகளை மட்டும் வைத்துக்கொண்டு 24 வயதில் போய் நிற்க முடியாது. ஆகவே கல்லூரி அணியும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியும் அவனுக்கு இன்றியமையாதவை. மத்திய அரசுப் பணிகளுக்கான சான்றிதழ்களும் வகை வகையாக உள்ளன: மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு மாநிலச் சங்கச் செயலர் கையொப்பமிட வேண்டும், பல்கலைக்கழகப் போட்டிக்கு அதன் விளையாட்டுத் துறைத் தலைவர் கையொப்பமிட வேண்டும். உரிய படிவத்தில் இல்லாத சான்றிதழால் நல்ல ஆட்டக்காரர்கள் வாய்ப்பை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை உங்களுக்கு வரக்கூடாது.

பத்திரத்தை அடகு வைக்கவே வேண்டாம். விருப்பமில்லாத படிப்பில் தேர்ச்சி பெறாமல் தேங்கும் பிள்ளைக்காக நீங்கள் பல ஆண்டுகள் வட்டி கட்டுவீர்கள். வற்புறுத்தும் உறவினர் அதில் ஒரு தவணையும் கட்டப்போவதில்லை. நல்ல கால்பந்து அணியுள்ள அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ வணிகவியல் சேர்ந்தால் செலவு குறைவு. முழங்கால் ஒருநாள் ஏமாற்றினாலும் பட்டம் கையில் இருக்கும். அதன்மேல் உடற்கல்வி படித்து ஆசிரியராகலாம், பயிற்சியாளர் உரிமமும் பெறலாம்.

நடிப்பை மட்டும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். விஜயனைத் தேடிப் படம் வந்தது, அவர் ஏற்கெனவே நாடறிந்த ஆட்டக்காரராக இருந்ததால். இதைத் தம்பியிடம் நானே சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அவனுடைய போட்டிச் சான்றிதழ்கள் அனைத்தையும் அசலாகக் கொண்டு வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவன் மட்டும் என்னுடன் பேசட்டும். நீங்கள் இருவரும் வெளியே காத்திருங்கள்.