14 வயதில் உயரம் குறைந்த பையனுக்குத் தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் இடம் உண்டா?

கேள்வி கேட்டிருப்பவர் கனடாவில் வசிக்கும் ஒரு தாய். அவருடைய மகனுக்கு 14 வயது. உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 46 கிலோ. இந்த ஆண்டு அணித் தேர்வில், "ஆட்டம் இருக்கிறது, உடம்பு போதாது" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்களாம். உடல்மோதல் மிகுந்த தொழில்முறை லீக்கில் இப்படிப்பட்ட பையன் நிலைக்க முடியுமா, அல்லது இப்போதே படிப்பின் பக்கமோ வேறு விளையாட்டின் பக்கமோ திருப்பிவிடுவதுதான் நல்லதா என்று கேட்கிறார்.

நிலைக்க முடியும் என்பதே என் பதில். ஆனால் பெரிய உடம்புக்காரப் பையனுக்குக் கிடைக்கும் இரண்டாவது, மூன்றாவது வாய்ப்புகள் இவனுக்கு எளிதில் கிடைக்கமாட்டா என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் விட்டால், நான் உங்களுக்கு ஆறுதல் சொன்னவன் ஆவேனே தவிர பதில் சொன்னவன் ஆகமாட்டேன்.

நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் இருக்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் ஆட்டம் கபடி. மகள் வீடு கனடாவின் கால்கரி நகரத்தில் இருப்பதால் இரண்டு குளிர்காலங்களை அங்கே கழித்தேன். மகள் வயிற்றுப் பேரன் அங்கே ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். அவனும் தன் வயதுப் பிள்ளைகளுக்குள் குட்டையானவன் என்பதால், நீங்கள் கேட்கும் இதே கேள்வி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பல இரவுகள் பேசப்பட்டிருக்கிறது.

நம் ஊரில் ஹாக்கி என்றால் கோவில்பட்டிப் பக்கம் ஆடும் தரை ஹாக்கிதான் நினைவுக்கு வரும். அதில் ஆளை மோதித் தள்ளினால் நடுவர் விசில் அடிப்பார். ஐஸ் ஹாக்கியில் பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை) வைத்திருப்பவரைத் தோளாலும் இடுப்பாலும் மோதிச் சாய்ப்பது விதிக்கு உட்பட்ட ஆட்டம். வட அமெரிக்காவின் நேஷனல் ஹாக்கி லீக்கில் ஆடுபவர்களின் சராசரி உயரம் 6 அடி 1 அங்குலத்தை ஒட்டியும், எடை 90 கிலோவை ஒட்டியும் இருக்கும். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட, பலகைச் சுவர் சூழ்ந்த பனித்தளத்துக்குள் அவர்கள் பாய்ந்து வருகிறார்கள். நம் கிராமங்களில் கபடிச் சுவரொட்டியைப் பார்த்தால் "55 கிலோ", "60 கிலோ" என்று எடைப் பிரிவு போட்டிருக்கும். மெலிந்த பையனும் தன்னை ஒத்தவர்களோடுதான் மோதுவான். ஐஸ் ஹாக்கியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஸ்டெனோ சாரா என்ற தடுப்பாட்டக்காரர் 6 அடி 9 அங்குலம் உயரம். அவர் ஆடிய காலத்தில் ஐந்தரை அடிக்காரரும் அவர் நிற்கும் பக்கமாகத்தான் பக்கைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இருந்தும், என் மகள் குடியிருக்கும் அந்தக் கால்கரி நகரத்து அணியின் வரலாற்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே உங்கள் கேள்விக்கு மூன்று விதமான பதில்கள் கிடைக்கின்றன.

முதலாமவர் தியோ ஃபிளூரி. உயரம் 5 அடி 6 அங்குலம். 1987ஆம் ஆண்டு டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில், 166ஆவது ஆளாகத்தான் கால்கரி அவரை எடுத்தது. 1989இல் லீக்கின் வெற்றிக்கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் இருந்தார். 1990-91 பருவத்தில் 51 கோல் அடித்தார். 1,084 ஆட்டங்களில் 1,088 புள்ளிகளோடு (கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவியதற்கு ஒன்று என்பது கணக்கு) தம் ஆட்டவாழ்வை முடித்தார். அவருடைய வழி, பெரியவர்களை முந்திக்கொண்டு தாமே போய் மோதும் வழி. மூன்றாமவர் ஜானி காட்ரோ. உயரம் 5 அடி 9 அங்குலம், 2011இல் 104ஆவது தேர்வு. அவர் ஃபிளூரிக்கு நேர் எதிரானவர். மோத வருபவருக்குத் தம்மைத் தொடவே இடம் கொடுக்காமல், அரை அடி விலகி, அந்த அரை அடியிலேயே பக்கை வேறொருவருக்கு அனுப்பிவிடுவார். 2021-22 பருவத்தில் 115 புள்ளிகள் எடுத்தார். 2024 ஆகஸ்டில் சைக்கிளில் சென்றபோது வாகனம் மோதி, தம்பியோடு சேர்ந்து இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த அன்று என் பேரன் சாப்பிடவில்லை.

நடுவில் இருப்பவரைத்தான் நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டும். மார்ட்டின் சாங் லூயி, 5 அடி 8 அங்குலம். எந்த அணியும் அவரை டிராஃப்டில் எடுக்கவே இல்லை. கல்லூரி ஆட்டம் முடித்து வந்தவரை 1998இல் கால்கரி சேர்த்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் வேண்டாம் என்று விட்டுவிட்டது. அமெரிக்காவின் டாம்பா பே அணி அவரை எடுத்தது. நான்கே ஆண்டுகளில், 2003-04 பருவத்தில், அவர் 94 புள்ளிகளோடு லீக்கிலேயே முதலிடம் பெற்று, மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையையும் வாங்கினார். அந்த ஆண்டு, ஏழு ஆட்டங்கள் வரை நீளும் இறுதிப் போட்டியில் டாம்பா பேயை எதிர்த்து ஆடியது கால்கரிதான். ஆறாவது ஆட்டம் கால்கரியின் சொந்தத் தளத்தில் நடந்தது. கால்கரி ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு. ஆனால் இரண்டாவது கூடுதல் நேரத்தின் 33ஆவது வினாடியில் சாங் லூயி கோல் அடித்து அதைத் தடுத்தார், ஏழாவது ஆட்டத்தில் டாம்பா பே கோப்பையைக் கொண்டுபோனது. அந்த ஊரில் பெரியவர்கள் இன்றும் இதைச் சொல்லும்போது குரல் இறங்கிப்போவதை நான் கேட்டிருக்கிறேன்.

ஒரே ஆளை ஒரு அணி வேண்டாம் என்றது, இன்னொரு அணி உச்சிக்குக் கொண்டுபோனது. அவருடைய உயரம் இரண்டு இடத்திலும் அதேதான். ஆகவே "உடம்பு போதாது" என்ற சொல், அந்த அணி எப்படி ஆட விரும்புகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விதிகளை நடுவர்கள் எவ்வளவு கறாராக நடத்துகிறார்கள் என்பதும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. கபடியில் பாடிச் செல்பவரின் உடையையோ தலைமுடியையோ பிடித்து இழுப்பது தவறு. நடுவர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் முதலில் ஓய்ந்துபோவது மெலிந்த, வேகமான ஆட்டக்காரர்தான். ஐஸ் ஹாக்கியிலும் 1990களின் பிற்பகுதியில் அதுதான் நடந்தது. வேகமாகப் போகிறவரை மட்டையால் கொக்கி போட்டு இழுப்பதும் கையால் பிடித்து நிறுத்துவதும் வழக்கமாகிப்போயின. ஊதியத் தகராறால் 2004-05 பருவம் முழுவதும் நடக்காமல் போய், அடுத்த பருவம் தொடங்கியபோது அவற்றையெல்லாம் கண்டிப்பாகத் தண்டிக்க ஆரம்பித்தார்கள். நீளமாகப் பக்கை அனுப்புவதற்கு இருந்த இரண்டு-கோட்டுத் தடையையும் நீக்கினார்கள். அந்த முதல் பருவத்திலேயே 5 அடி 7 அங்குலம் உயரமான பிரையன் ஜியோன்டா நியூ ஜெர்சி அணிக்காக 48 கோல் அடித்தார். விதியை மட்டுமே காரணம் காட்டிவிட முடியாது, ஏனென்றால் சாங் லூயி அந்த 94 புள்ளிகளை எடுத்தது மாற்றத்துக்கு முந்தைய பருவத்தில். ஆயினும் அவரைப் போன்ற அபூர்வமானவர்களுக்கு மட்டும் திறந்திருந்த கதவு அதன் பிறகு இன்னும் சிலருக்கும் திறந்தது என்பது உண்மை.

ஆடும் இடமும் முக்கியம். முன்வரிசையில், அதிலும் பக்கவாட்டில், உயரக் குறைவைத் திறமையால் ஈடுகட்டியவர்கள் அதிகம். தடுப்பாட்டத்தில் அது நெடுங்காலம் கடினமாக இருந்தது; இப்போது மாறி வருகிறது. 5 அடி 10 அங்குலம் உயரமான குவின் ஹியூஸ் 2024இல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையைப் பெற்றார். 2022இல் 62ஆவதாக எடுக்கப்பட்ட லேன் ஹட்சன், 5 அடி 9 அங்குலம், 2024-25இல் 66 புள்ளிகள் எடுத்துச் சிறந்த புதுமுகம் ஆனார். கோல்காப்பாளர் இடத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். அங்கே உயரமானவர்களையே தேடுகிறார்கள்.

இனி, உங்கள் மகனிடம் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். ஒரு மாலை என் பேரன் என்னைக் குளிர்சாதனப் பெட்டிக்கு அருகே அழைத்துப் போய், அதில் தோளும் இடுப்பும் ஒட்டும்படி நின்றுகொண்டு, "ஐயா, இப்போது என்னை இடியுங்கள்" என்றான். இடித்தேன். அவன் அசையவில்லை, பெட்டிதான் லேசாக முனகியது. பிறகு அதிலிருந்து மூன்றடி தள்ளி வந்து, முழங்காலை நிமிர்த்தி நின்று, "இப்போது?" என்றான். நான் கையைத் தூக்கவே இல்லை. அங்கே இடித்தால் அவன் தலை எங்கே போய்ப் படும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பலகைச் சுவரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளியுள்ள அந்தப் பட்டையில் அசையாமல் நின்று பக்கை வாங்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஒன்று சுவரோடு ஒட்டிவிட வேண்டும், இல்லையேல் நன்றாக வெளியே வந்துவிட வேண்டும் என்று அவனுடைய பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பக் வருமுன் தோளுக்கு மேலாகத் திரும்பி, யார் வருகிறார்கள் என்று பார்ப்பது. முழங்காலை மடித்துத் தாழ்வாக இருப்பது. நேராக மோத வருபவரைச் சாய்வாக வாங்கிச் சுழன்று வெளியேறுவது. இவைதாம் சிறிய ஆட்டக்காரரின் முதலீடு. சாங் லூயியின் தொடைகள் அந்த லீக்கில் பேசப்பட்டவை. உயரத்தை யாரும் பயிற்சியால் கூட்ட முடியாது. கால் வலுவைக் கூட்டலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் வாழ்க்கையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1990களின் இறுதியில் ஒரு மாலை, பள்ளிக் கபடி அணிக்குப் பையன்களைத் தேர்வு செய்துகொண்டிருந்தேன். புதுவயல் அரிசி ஆலை ஒன்றிலிருந்து இரவல் வாங்கி வந்த எடை மேடையில் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒரு பையன் 39 கிலோதான் இருந்தான். சற்று முன்னால் அவன் பாடிச் சென்றபோது, மூலையில் நின்ற இருவர் கணுக்காலுக்குப் பாய, அவன் இடது உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, அவர்களுடைய கைகளுக்குக் கீழே புகுந்து கோட்டைத் தொட்டதை நான் பார்த்திருந்தேன். பார்த்திருந்தும் எடையை எழுதிய தாளில் அவன் பெயரை அடித்துவிட்டேன். ஆறேழு ஆண்டுகள் கழித்து ஒரு கிராமத்து இரவுப் போட்டியில், டியூப் லைட் வெளிச்சத்தில், 60 கிலோப் பிரிவில் அவனை மறுபடி பார்த்தேன். உடம்பு தேறியிருந்தது. அதே உள்ளங்கை, அதே ஊன்றல். ஆட்டம் முடிந்ததும் கயிற்றருகே வந்து, "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். அவன் வளரப்போகிறவன் என்பதை அன்று நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. இன்றுவரை எனக்கு அது வருத்தம்தான்.

14 வயதில் பிள்ளைகளுக்குள் இருக்கும் உயர வித்தியாசத்தில் பெரும்பகுதி, யார் முதலில் வளரத் தொடங்கினார்கள் என்பதால் வருவது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். உயர்நிலை ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று பலரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கனடாவில் 2013 முதல் 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உடல்மோதலைத் தடை செய்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் மகன் மோதல் ஆட்டத்துக்குள் இப்போதுதான் நுழைகிறான், அதுவும் உடல் வித்தியாசம் மிக அதிகமாக இருக்கும் வயதில். பல நகரங்களில் இந்த வயதுக்கு மோதல் இல்லாத பிரிவும் உண்டு. ஓர் ஆண்டு அங்கே ஆடுவதில் எந்தக் குறைவும் இல்லை.

தலைக் காயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குட்டையானவனின் தலை, நெட்டையானவனின் தோளும் முழங்கையும் வரும் உயரத்திலேயே இருக்கிறது. தலையைக் குறிவைத்து மோதுவதைத் தண்டிக்கும் விதியை லீக் 2010இல் கொண்டுவந்தது. ஆனாலும் அடி விழத்தான் செய்கிறது. மோதலுக்குப் பிறகு தலைவலி, கண் மங்கல், வெளிச்சம் தாங்காமை, வழக்கமில்லாத தூக்கம் இவற்றில் எது இருந்தாலும், மருத்துவர் சொல்லும்வரை அவனை ஆடவிடாதீர்கள். "இறுதி ஆட்டம் அம்மா" என்று கெஞ்சினாலும் விடாதீர்கள். அவனுடைய ஹாக்கி வாழ்க்கையைவிட அவன் வாழ்க்கை நீளமானது.

படிப்பா, ஆட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிறிய ஆட்டக்காரர்களுக்கு இரண்டும் ஒரே பாதையில் கிடைப்பதுண்டு. சாங் லூயி வெர்மான்ட் பல்கலைக்கழகத்திலும், காட்ரோ பாஸ்டன் கல்லூரியிலும், ஹட்சன் பாஸ்டன் பல்கலைக்கழகத்திலும் ஆடி வந்தவர்கள். கல்லூரிப் பருவத்தில் ஆட்டங்கள் குறைவு. உடம்பைத் தேற்ற வாரநாட்கள் கிடைக்கின்றன. தாமதமாக வளர்பவனுக்கு அந்த மூன்று நான்கு ஆண்டுகள் பெரும் உதவி. எனவே படிப்பை விட்டுவிடாதீர்கள், அதற்காக மட்டையையும் பறித்துவிடாதீர்கள்.

பயிற்சியாளரைத் தேடுவதில் காலம் செலவழியுங்கள். மாண்ட்ரியால் அணியில் கோல் காஃபீல்ட் என்ற பெயருடைய ஆட்டக்காரர், 5 அடி 8 அங்குலம், 2021-22 பருவத்தின் முதல் 30 ஆட்டங்களில் ஒரே ஒரு கோல்தான் அடித்தார். பருவத்தின் நடுவில் சாங் லூயி பயிற்சியாளராக வந்தார். அவருக்குக் கீழ் ஆடிய 37 ஆட்டங்களில் அதே காஃபீல்ட் 22 கோல் அடித்தார்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த மூன்று ஆட்டங்களில் கோல்களை எண்ணாதீர்கள். ஒரு நோட்டில் மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பக் தன்னிடம் வருமுன் அவன் எத்தனை முறை திரும்பிப் பார்த்தான், மோதல் வாங்கிய பிறகு எத்தனை முறை பக் அவனிடமே இருந்தது, மூலையில் பக் கிடந்தபோது எத்தனை முறை தயங்கினான். எழுதி இங்கேயே பின்னூட்டத்தில் போடுங்கள். பேரனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துச் சொல்கிறேன்.