விலையை ஒப்பிட்டு இங்கிலீஷில் எழுதும்போது: வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

கே: எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறோம். போர்டில் 'சீப்பர் ப்ரைஸ்' என்று போடலாமா?

ப: 'லோயர் ப்ரைஸ்' என்று போடுங்கள். சட்டை சீப்பாக இருக்கலாம். விலை லோவாகத்தான் இருக்கும். பேச்சில் போகட்டும், போர்டிலும் கொட்டேஷனிலும் வேண்டாம். 'மோர் சீப்பர்' எங்குமே கூடாது. சீப்பர் என்றதுமே ஒப்பீடு முடிந்துவிட்டது, மோர் அதிகப்படி.

கே: காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரம். 'அவர் ப்ரைசஸ் ஆர் லோயர் தேன் அதர் ஷாப்ஸ்' என்று ஓட்டல்களுக்கு மெயில் அனுப்புகிறேன். சரியா?

ப: விலையைக் கடையோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். விலையை விலையோடுதான் ஒப்பிட வேண்டும்: 'லோயர் தேன் தோஸ் அட் அதர் ஷாப்ஸ்'. 'மத்த கடையை விட எங்க விலை கம்மி' என்பது தமிழில் இயல்பு. அதை அப்படியே மாற்றுவதால் வரும் பிழை இது. கூடவே மீன், எடை, தேதி மூன்றையும் எழுதுங்கள். ஏலத்தில் வஞ்சிரம் விலை நாளுக்கு நாள் மாறும். தேதி இல்லாத 'லோயர்' நாளைக்கே பொய்யாகிவிடும்.

கே: 'த்ரீ டைம்ஸ் சீப்பர்' என்று எழுதலாமா?

ப: வேண்டாம். எதிலிருந்து மூன்று மடங்கு என்ற குழப்பம் வரும். 300 ரூபாய் மொபைல் கவரை 100 ரூபாய்க்குத் தந்தால் 'ஒன் தேர்டு த ப்ரைஸ்'.

கே: சட்டைக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 'செவன் பர்சென்ட் லோயர் ப்ரைஸ்' என்று விளம்பரம் செய்தோம். ஒரு வாடிக்கையாளர் தப்பு என்கிறார்.

ப: அவர் சொல்வதே சரி. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான துணிமணிக்கு வரி 5 சதவீதம். அதற்கு முன் 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12. வரி நீங்கலாக 1,200 ரூபாய்ச் சட்டை அப்போது 1,344, இப்போது 1,260. குறைந்தது 84 ரூபாய். பழைய விலையில் அது 6.25 சதவீதம், ஏழு இல்லை. ஏழு என்பது இரண்டு வரி விகிதங்களுக்கு இடையிலான வித்தியாசம். அதற்கு 'செவன் பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்' என்று பெயர். விளம்பரத்தில் 'லோயர் பை 84 ருபீஸ்' என்று தொகையையே போடுங்கள். வாங்குபவர் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கே: 'காஸ்ட்லியர்' தவறு என்கிறார் என் மேனேஜர்.

ப: தவறில்லை, அகராதியில் உள்ள சொல். 'மோர் காஸ்ட்லி'யும் சரி. 'மோர் காஸ்ட்லியர்' மட்டும் கூடாது.