டெக்சாஸ் அரசுப் பள்ளியில் விளையாட்டு படிப்பைக் கெடுக்குமா?

டாலஸ் புறநகர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மகன் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் போனால் படிப்பு கெட்டுவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் அனுப்புங்கள். படிப்பில் சறுக்கினால் முதலில் நிற்பது ஆட்டம்தான்.

1984-இல் வந்து 1995-இல் தளர்த்தப்பட்ட மாநிலச் சட்டப்படி, மதிப்பெண் அறிக்கையில் ஒரே ஒரு பாடம் 70-க்குக் கீழே போனாலும் குறைந்தது மூன்று வாரம் போட்டியில் இறங்க முடியாது. பயிற்சிக்குத் தடையில்லை. மூன்று வாரம் கழித்து எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தால் மீண்டும் களமிறங்கலாம். கடினமான சில உயர்தரப் பாடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இசைக்குழுவுக்கும் இதே விதிதான். இயற்கணிதத்தில் 68 வாங்கிய டிரம்பெட் மாணவன் எவ்வளவு அருமையாக வாசித்தாலும் அணிவகுப்பு இசைப் போட்டியில் இறங்க முடியாது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. முதல் மதிப்பெண் அறிக்கையைக் கண்ணும் கருத்துமாகப் பாருங்கள், பயிற்சியாளரும் பார்ப்பார்.