கைபேசிக்குக் கட்டற்ற இயங்குதளம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் உள்ள ரெட்மி நோட் 8 கைபேசிக்கு நிறுவனத்திலிருந்து அப்டேட் வருவது நின்றுவிட்டது. கைபேசியில் வேறு குறை எதுவுமில்லை. லீனியேஜ் ஓஎஸ் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும் என்கிறான் பேரன். பாண்டியில் ஒரு கடையில் அரை மணி நேரத்தில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். கிராஃபீன் ஓஎஸ், இ-ஓஎஸ் என்றும் பெயர்கள் காதில் விழுகின்றன. ஓய்வூதியக் கணக்கும் யுபிஐயும் இதே கைபேசியில்தான் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: ஐயா, எந்த இயங்குதளம் என்பதைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கைபேசி எதை ஏற்கும், யுபிஐ அதிலேயே இருந்தாக வேண்டுமா என்ற இரண்டும்தான் முதலில் முடிவாக வேண்டும்.

கிராஃபீன் ஓஎஸ் கூகுளின் பிக்சல் கைபேசிகளுக்காக உருவாக்கப்படுவது என்பதால் அதை விட்டுவிடலாம். லீனியேஜ் ஓஎஸ், சயனோஜென்மாட் என்ற ஆண்ட்ராய்டு வகை இயங்குதளம் 2016 இறுதியில் மூடப்பட்டபோது அதன் தொடர்ச்சியாகத் தன்னார்வலர்கள் தொடங்கியது. இ-ஓஎஸ் அதையே அடித்தளமாகக் கொண்டு, கூகுள் சேவைகளின் இடத்தில் மைக்ரோஜி என்ற கட்டற்ற மாற்றைச் சேர்த்துத் தருகிறது. கூகுள் கணக்கே வேண்டாம் என்பவருக்கு இ-ஓஎஸ் வசதி. மற்றவர்களுக்கு லீனியேஜ் போதும் என்பது என் கருத்து.

கைபேசியின் பெயரை மட்டும் நம்பி இயங்குதளக் கோப்பை இறக்கிவிடக் கூடாது. நோட் 8-க்கு ‘ஜிங்கோ’ என்றும், நோட் 8 ப்ரோவுக்கு ‘பெகோனியா’ என்றும் குறிப்பெயர்கள் உண்டு. முன்னதில் இருப்பது ஸ்னாப்டிராகன் 665 சிப், பின்னதில் மீடியாடெக் ஹீலியோ ஜி90டி. ஒன்றுக்கான கோப்பை மற்றொன்றில் ஏற்றினால் கைபேசி இயங்காமலேயே போய்விடலாம். லீனியேஜ் தளத்தில் உங்கள் குறிப்பெயருக்குரிய பக்கத்தைத் திறந்து, அது இப்போதும் பராமரிக்கப்படும் பட்டியலில் இருக்கிறதா என்று பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கு இல்லையென்றால், டெலிகிராம் குழுக்களில் யாரோ பகிரும் கோப்பைத் தேடிப் போக வேண்டாம்.

யுபிஐயைப் பற்றித்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு இயங்குதளம் ஏற்ற வேண்டுமானால் முதலில் பூட்லோடரின், அதாவது கைபேசியை இயக்கியதும் இயங்குதளத்தை ஏற்றும் சிறு மென்பொருளின், பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த நொடியே உள்ளிருக்கும் படங்கள், செய்திகள் எல்லாம் அழிந்துவிடும். லீனியேஜைப் பொறுத்தவரை பெரும்பாலான கைபேசிகளில் அந்தப் பூட்டை மறுபடி பூட்டவும் முடியாது. பூட்டு திறந்திருப்பதைக் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை கண்டறிந்து சொல்லிவிடுவதால், வங்கிச் செயலிகளும் பணப் பரிமாற்றச் செயலிகளும் பல சமயம் திறக்க மறுக்கின்றன. இன்று திறக்கும் செயலி அடுத்த மாதமும் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தச் சோதனையை ஏமாற்றும் மாட்யூல்கள் (கூடுதல் மென்பொருள் துணுக்குகள்) இணையத்தில் கிடைக்கின்றனதான். ஆனால் ஓய்வூதியம் வந்து விழும் கணக்கை அவற்றை நம்பி வைப்பது வினையை விலைக்கு வாங்குவதாகும். தவிர, லீனியேஜ் புதுப்பிப்பது ஆண்ட்ராய்டு பகுதியைத்தான். மோடத்துக்கும் சிப்புக்கும் உரிய மூடிய மென்பொருளுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுவனத்திடமிருந்தே வர வேண்டும், அவை நின்றால் நின்றதுதான்.

ஆகவே, இது ஒன்றுதான் உங்கள் கைபேசி என்றால் போட வேண்டாம். அப்டேட் வந்துகொண்டிருக்கும் ஒரு சாதாரணக் கைபேசியை வாங்கி, வங்கியில் பதிவான சிம்மையும் யுபிஐயையும் அதற்கு மாற்றிய பிறகு, இந்தப் பழையதில் தாராளமாக லீனியேஜ் போட்டு, செய்தி படிக்கவும் பாட்டுக் கேட்கவும் வரைபடம் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். கட்டற்ற செயலிகள் கிடைக்கும் எஃப்-ட்ராய்டு தளத்திலுள்ள இண்டிக் கீபோர்டு மூலம் தமிழில் தட்டச்சு செய்ய முடியும். கூகுள் செயலிகளும் தேவையென்றால், லீனியேஜை ஏற்றியதும் முதல் முறை கைபேசியை இயக்குவதற்கு முன்பே அவற்றையும் ஏற்றிவிட வேண்டும். பிந்தினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க நேரும்.

கடைக்காரரின் அரை மணி நேரக் கணக்கு எனக்கு இடிக்கிறது. ரெட்மியைத் தயாரிக்கும் ஷாவ்மியின் முறைப்படி, அந்நிறுவனத்தில் உங்களுக்குள்ள மி கணக்கைக் கைபேசியுடன் இணைத்து, பொதுவாக 168 மணி நேரம் காத்திருந்த பிறகே பூட்டு திறக்கும். அவர் எந்த வழியில் திறக்கிறார், எங்கிருந்து கோப்பை எடுக்கிறார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பேரனே வீட்டில் பொறுமையாகச் செய்யட்டும்.

கேள்வி: ஆண்ட்ராய்டே வேண்டாம், உண்மையான லினக்ஸ் வேண்டும் என்று நினைக்கிறேன். உபுண்டு டச் போடலாமா? ஜியோ சிம் வைத்திருக்கிறேன்.
- கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: உபுண்டு லினக்ஸை உருவாக்கும் கனானிக்கல் நிறுவனம் 2017-இல் கைவிட்ட, கைபேசிக்கான உபுண்டு டச்சை யூபிபோர்ட்ஸ் சமூகம் இன்றும் வளர்த்து வருகிறது, கற்றுக்கொள்ள அருமையான இடம். ஆனால் ஜியோவுக்கு 2ஜி, 3ஜி வலையமைப்பு கிடையாது, அழைப்பு பெரும்பாலும் வோல்ட்டியில்தான் (4ஜி வலையமைப்பு வழியே பேசும் முறை) செல்லும். உபுண்டு டச் ஏறும் கைபேசிகள் பலவற்றில் வோல்ட்டி வேலை செய்வதில்லை. அப்படிப்பட்ட கைபேசியில் ஜியோ சிம்மைப் போட்டால் இணையம் வரலாம், அழைப்பு வராது. கைபேசி வாங்குமுன் யூபிபோர்ட்ஸ் தளத்தில் அந்த மாடலுக்கான பக்கத்தில் வோல்ட்டி வரியைப் பாருங்கள். அங்கு இல்லையென்று இருந்தால், ஜியோ சிம்மைத் தற்போதைய கைபேசியிலேயே விட்டுவிட்டு, உபுண்டு டச்சை வைஃபையில் மட்டும் ஓட்டிப் பழகுங்கள்.